மரம் விழுந்தால் பணம் வரும்... சாவியைத் திருப்பினால்?

2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. மணிக்கு 65 முதல் 75 கிலோமீட்டர் வேகத்தில் காற்று, இடையிடையே 85 வரை. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 2016 டிசம்பர் 12-ல் வர்தா வந்து சென்னைக்குத் தெற்கே இருந்த மரங்களைச் சாய்த்துவிட்டுப் போயிருந்தது. மாண்டஸுக்கு அடுத்த ஆண்டு மிக்ஜாம். அது ஆந்திராவின் பாபட்லா அருகேதான் கரையேறியது. ஆனாலும் போகிற போக்கில் முடிச்சூர், பெருங்களத்தூர் தெருக்களில் தண்ணீரை நிறுத்திவிட்டுத்தான் போனது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல், புதுச்சேரிக்கு அருகே. செங்கல்பட்டு மாவட்டத்தில் கார் வைத்திருப்பவர்கள் ஐப்பசி பிறந்ததும் வானிலை அறிக்கையைப் பார்க்கிறார்கள். இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்?

புயலுக்கு மறுநாள் காலை ஒரே தெருவில் இரண்டு கார்கள் நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றின் மேல் வேப்பமரம் விழுந்து கூரை நெளிந்து, முன் கண்ணாடி நொறுங்கிக் கிடக்கிறது. இன்னொன்றின் மேல் ஒரு கீறல்கூட இல்லை. இரவு முழுக்க இருக்கை உயரத்துக்குத் தண்ணீரில் நின்றது, இப்போது தண்ணீர் வடிந்துவிட்டது, அவ்வளவுதான். இரண்டு பேரிடமும் 'ஃபுல் இன்சூரன்ஸ்' இருக்கிறது. யாருக்குச் சிக்கல் வரும்?

மரம் விழுந்தவருக்குப் பெரும்பாலும் வராது. சர்வேயர் வருவார், படம் எடுப்பார், எஸ்டிமேட்டைச் சரிபார்ப்பார், கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொண்டு பணம் வந்துவிடும். தண்ணீரில் நின்ற காரின் கதி, அதன் சொந்தக்காரர் காலையில் எழுந்தவுடன் என்ன செய்தார் என்பதைப் பொறுத்தது. 'ஸ்டார்ட் ஆகுதான்னு ஒரு தடவை பார்ப்போம்' என்று சாவியைத் திருப்பியிருந்தால், லட்ச ரூபாயைத் தாண்டும் செலவு அவர் தலையிலேயே விழக்கூடும்.

'ஃபுல் இன்சூரன்ஸ்' என்று ஊரில் சொல்லும் காம்ப்ரிஹென்சிவ் பாலிசியைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்தால் புரிவது இதுதான்: காற்றும் மழையும் இடியும் திருடனும் செய்ததற்கு அது தாராளமாகவே பணம் தருகிறது. கார்க்காரர் செய்ததற்கும் செய்யத் தவறியதற்கும்தான் கறார் காட்டுகிறது. தகராறுகளில் பெரும்பகுதி பிறப்பது இந்த இரண்டாம் வகையில். பாலிசியைத் திட்டுவதற்கு முன் அந்தக் கறார் எங்கெல்லாம் இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

ஒரே தாளில் இரண்டு ஒப்பந்தம்

காம்ப்ரிஹென்சிவ் பாலிசி என்பது இரண்டு வேறு காப்பீடுகளை ஒன்றாகத் தைத்தது. ஒன்று தேர்ட் பார்ட்டி. உங்கள் கார் மோதி இன்னொருவர் இறந்தாலோ, காயம்பட்டாலோ, அவர் உடைமை சேதமானாலோ அவருக்குத் தர வேண்டிய இழப்பீடு இதில் வரும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 146-வது பிரிவு இதைக் கட்டாயமாக்குகிறது. இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய், மறுமுறை 4,000 ரூபாய் அபராதம். மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. உயிரிழப்புக்கும் காயத்துக்கும் இதில் உச்சவரம்பு கிடையாது. செங்கல்பட்டு மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவு. உடைமைச் சேதத்துக்கு 7.5 லட்சம் வரை.

இதன் கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1-ல் நடைமுறைக்கு வந்த அறிவிப்புப்படி 1,000 சிசி வரை 2,094 ரூபாய், 1,500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897. எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் ஒரே விலைதான். ஏஜென்ட் இதில் தள்ளுபடி தருகிறேன் என்றால் நம்ப வேண்டாம். புதுக் கார் வாங்கும்போது மூன்று ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டச் சொல்கிறார்களே, அதன் பின்னால் ஒரு தமிழர் இருக்கிறார். கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்தில் போட்ட பொதுநல வழக்கில்தான் 2018 ஜூலையில் அந்த உத்தரவு வந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறை.

இன்னொரு பாதி 'ஓன் டேமேஜ்'. உங்கள் காருக்கு ஆகும் சேதம். இது சட்டப்படி கட்டாயம் இல்லை. விலையும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நாம் பேசப்போகும் தகராறுகள் அநேகமாக இந்தப் பாதியில்தான்.

காருக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் எந்தப் பக்கம் என்ற கேள்வி ஒன்று நடுவில் தொங்குகிறது. ஈரோடு பக்கம் நடந்த ஒரு விபத்து வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, அந்தக் காருக்கு இருந்தது வெறும் 'ஆக்ட் பாலிசி' (தேர்ட் பார்ட்டி மட்டும்), அது காரில் பயணித்தவருக்குப் பொருந்தாது என்று இன்சூரன்ஸ் கம்பெனி வாதிட்டு ஜெயித்தது. இப்படி ஒரு ஓட்டை இருப்பதே மக்களுக்குத் தெரியவில்லையே என்று கவலைப்பட்ட நீதிமன்றம், இனி புது வாகனங்களுக்கு ஐந்தாண்டு முழுக் காப்பீடு, 'பம்பர் டு பம்பர்', கட்டாயம் என்று 2021 ஆகஸ்ட் 4-ல் உத்தரவிட்டது. நாடே பரபரத்தது. நடைமுறையில் இயலாது என்று கம்பெனிகள் முறையிட, செப்டம்பர் 13-ல் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. உத்தரவு போனாலும் அந்த ஓட்டை அப்படியே இருக்கிறது. தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்துவிட்டு நண்பர்களை ஏற்றிக்கொண்டு மாமல்லபுரம் போகிறவர் இதை மனதில் வைக்க வேண்டும். காம்ப்ரிஹென்சிவ் இருந்தால் காரில் வந்தவர்களுக்கான பொறுப்பையும் கம்பெனி ஏற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2009-லேயே தெளிவுபடுத்திவிட்டது.

ஓட்டும் சொந்தக்காரர் மட்டும் எந்தக் கணக்கிலும் 'மூன்றாம் நபர்' ஆக மாட்டார். அவருக்குத் தனியாக 15 லட்சத்துக்கு விபத்துக் காப்பீடு. காருக்கு வெறும் 2 லட்சமாகக் கிடந்த இந்தத் தொகை உயர்ந்ததற்கும் காரணம் சென்னை உயர் நீதிமன்றத்தின் 2017 தீர்ப்புதான். ஒரே நிபந்தனை: அவரிடம் செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் இருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரிச் செலவு வேறு விஷயம். விபத்து நடந்த அன்று இன்சூரன்ஸ் பேப்பரைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். 2021 டிசம்பர் 18-ல் இதே மாவட்டத்தின் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கிறது. தனியார் ஆஸ்பத்திரிகளும் பட்டியலில் உண்டு.

தண்ணீர்

இனி அந்த இரண்டாவது காருக்கு வருவோம்.

பாலிசியின் முதல் பிரிவில் எதற்கெல்லாம் பணம் என்ற பட்டியல் இருக்கிறது. தீ, வெடிப்பு, மின்னல், திருட்டு, கலவரம், வேலைநிறுத்தம், நிலநடுக்கம், வெள்ளம், சூறாவளி, புயல், ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, பயங்கரவாதம், விஷமச் செயல், வெளியிலிருந்து வந்த விபத்து. வெள்ளம் அதில் தெளிவாகவே இருக்கிறது. ஆகவே இருக்கை நனைந்தது, தரைவிரிப்பு நாறுகிறது, வயரிங் போனது, உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் பெட்டி போனது என்றால் அதற்குக் கழிவு போகப் பணம் உண்டு.

என்ஜின் விஷயம் வேறு. அதற்குள் பிஸ்டன் மேலேறும்போது காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை அழுத்துகிறது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. ஏர் ஃபில்டர் வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால், பிஸ்டன் பாதி வழியில் முட்டி நிற்க, கனெக்டிங் ராடு வளைந்துபோகும். சில நேரம் என்ஜின் பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். மெக்கானிக்குகள் 'ஹைட்ரோ லாக்' என்று சொல்வது இதைத்தான். என்ஜினைப் பிரித்துப் பார்த்ததும் வளைந்த ராடு சர்வேயருக்குக் கதையைச் சொல்லிவிடும். நின்ற காருக்குள் வெள்ளம் புகுந்தது விபத்து. புகுந்தபின் ஓட்ட முயன்றதால் என்ஜின் உடைந்தது அதன் பின்விளைவு என்று கம்பெனி எழுதும். பின்விளைவுச் சேதத்துக்கும் இயந்திரக் கோளாறுக்கும் பணம் இல்லை என்பது விலக்குப் பட்டியலின் முதல் வரிகளிலேயே இருக்கிறது.

இதற்கு வலுச் சேர்க்கும் நிபந்தனை ஒன்று பாலிசியின் பின்பக்கத்தில் இருக்கிறது. விபத்தோ பழுதோ ஏற்பட்டபின், சரிசெய்யாமல் வண்டியை ஓட்டினால் அதனால் கூடும் சேதம் முழுக்க உரிமையாளரின் பொறுப்பு. இந்த நிபந்தனை வெள்ளத்துக்கு மட்டுமானது இல்லை. இசிஆரில் இரவில் தெரியாத வேகத்தடையிலோ கல்லிலோ ஏறி ஆயில் சம்ப் உடைந்துவிட்டது என்று வையுங்கள். சம்ப்புக்குப் பணம் உண்டு. ஆயில் ஒழுக ஒழுக, 'கோவளம் வரைக்கும் மெதுவாப் போயிடலாம்' என்று ஓட்டி என்ஜின் ஜாம் ஆனால், அந்த என்ஜினுக்கு இல்லை. டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தும் ஓட்டினீர்களே என்பார்கள். அதற்குப் பதில் சொல்வது கஷ்டம்.

தண்ணீர் தேங்கிய சாலையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டி நின்றுவிட்டால்? அங்கேயும் சாதாரண பாலிசியில் என்ஜின் உள்பாகங்களுக்கு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். இதற்கென்றே 'என்ஜின் புரொடெக்ட்' என்ற ஆட்-ஆன் விற்கிறார்கள். ஆட்-ஆன்களில் பாதி தேவையில்லாதவை என்பது என் கருத்து. ஆனால் முடிச்சூரிலோ, ஊரப்பாக்கத்தில் ஏரிக்கரையை ஒட்டியோ குடியிருப்பவருக்கு இது ஒன்று தேவை. மலைமேல் வீடு இருக்கிறவர் விட்டுவிடலாம். இதிலும் கம்பெனிக்குக் கம்பெனி வரிகள் மாறும். வெள்ளத்துக்குப் பின் மீண்டும் மீண்டும் ஸ்டார்ட் செய்ததை விலக்கும் பாலிசிகள் உண்டு. வாங்குமுன் அந்த ஒரு பத்தியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

ஆகவே தண்ணீர் வடிந்த காலையில் செய்ய வேண்டியது சிறியது. சாவியையோ பட்டனையோ தொடாதீர்கள். முடிந்தால் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். கதவிலும் உள்ளேயும் தண்ணீர் நின்ற கோட்டைப் படம் எடுங்கள். கம்பெனிக்குப் போன் செய்து புகார் எண்ணை வாங்குங்கள். பிறகு டோ செய்து சர்வீஸ் சென்டருக்கு அனுப்புங்கள். டோயிங்குக்குச் சாதாரண பாலிசி தருவது 1,500 ரூபாய் மட்டுமே. கல்பாக்கத்திலிருந்து மறைமலை நகருக்கு வெள்ள நாளில் இழுத்துப்போக அது போதாது. 'ரோடு சைட் அசிஸ்டன்ஸ்' சேர்த்திருந்தால் இந்த இடத்தில் உதவும்.

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்திய மக்களைக் கிண்டல் செய்தார்கள். இன்சூரன்ஸ் பார்வையில் அவர்கள் செய்தது மிகச் சரி. சேதத்தைத் தடுக்க நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்பது பாலிசியின் நிபந்தனை. அதைச் சொல்லாமலே கடைப்பிடித்தவர்கள் அவர்கள்.

முழுப் பணம் ஏன் வருவதில்லை?

மரம் விழுந்தவருக்குப் பணம் வரும் என்றேன். பில் தொகை அப்படியே வராது. இதுதான் ஷோரூம் கவுன்ட்டரில் நடக்கும் சண்டைகளில் பாதி. பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி, ஏர்பேக் எல்லாவற்றுக்கும் 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள், வண்டி போன மாதம் வாங்கியதாக இருந்தாலும். ஃபைபருக்கு 30. கண்ணாடிக்கு ஒன்றும் கழிப்பதில்லை. இரும்பு, அலுமினிய பாகங்களுக்கு வயதுப்படி: ஆறு மாதம் வரை இல்லை, ஒரு வருடத்துக்குள் 5 சதவீதம், இரண்டாம் ஆண்டில் 10, மூன்றில் 15, நான்கில் 25, ஐந்தில் 35, பத்தாண்டு வரை 40, அதற்குமேல் 50.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்றரை வயது கார், 1,200 சிசி. பம்பர் 20,000. பானெட் 16,000. முன் கண்ணாடி 12,000. பெயின்ட் 12,000. டிங்கரிங் கூலி 10,000. மொத்தம் 70,000. பம்பரில் பாதி, 10,000 போய்விடும். பானெட்டில் கால்பங்கு, 4,000. பெயின்ட் பில்லில் கால்பங்கைப் பொருள் செலவாக எடுத்து அதில் பாதி, 1,500. கூலிக்குக் கழிவில்லை. கடைசியாக, எல்லா கிளெய்மிலும் நீங்கள் போட வேண்டிய கட்டாயப் பங்கு 1,000 (1,500 சிசிக்கு மேல் என்றால் 2,000). ஆக 16,500 உங்கள் பங்கு, 53,500 கம்பெனி பங்கு. ஆயில், கூலன்ட், நட்டு போல்ட்டெல்லாம் இதற்கு வெளியே.

'பம்பர் டு பம்பர்' என்று ஊரில் சொல்வது ஜீரோ டிப்ரிசியேஷன் ஆட்-ஆனை. மேலே சொன்ன தேய்மானக் கழிவு அதில் இருக்காது. அதை வாங்கினால் எல்லாமே வந்துவிடும் என்று விற்பவர்கள் சொல்லாமல் சொல்வார்கள். அப்படி இல்லை. தேய்மானம் மட்டும்தான் நீங்கும். விலக்குப் பட்டியல் அப்படியே இருக்கும், கட்டாயப் பங்கும் இருக்கும். பல கம்பெனிகள் ஆண்டுக்கு இத்தனை கிளெய்ம்தான் என்று வரம்பும் வைத்திருக்கின்றன.

சின்னச் சேதத்துக்குக் கிளெய்ம் போடலாமா என்பது தனிக் கணக்கு. கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்கு ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 20 சதவீதத்தில் தொடங்கி 25, 35, 45, ஐந்தாம் ஆண்டில் 50 வரை நோ கிளெய்ம் போனஸ் தள்ளுபடி ஏறும். ஒரு கிளெய்ம் போட்டால் அது பூஜ்யத்துக்கு வந்துவிடும். 50 சதவீதத்தில் இருப்பவர் 6,000 ரூபாய் கீறலுக்குக் கிளெய்ம் போடுவது அநேகமாக நஷ்டம். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டாலும் இந்தப் போனஸ் போய்விடும்.

பெரிய சேதம் என்றால் வேறு கதை. ரிப்பேர் செலவு ஐடிவியில் (பாலிசியில் எழுதியிருக்கும் காரின் மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினால் 'டோட்டல் லாஸ்'. அப்போது கிடைப்பது ஐடிவி. நீங்கள் வாங்கிய விலையைத் தேடாதீர்கள். ஐடிவி ஆறு மாதம் தாண்டியதுமே 15 சதவீதம், நான்கு ஆண்டு முடிந்து ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதம் குறைந்திருக்கும். பிரீமியம் குறையட்டும் என்று ஐடிவியைக் குறைத்துக்கொண்டவர்கள் இந்த இடத்தில்தான் வருந்துகிறார்கள்.

இந்தக் கடற்கரையின் விலக்குகள்

மாமல்லபுரம் கடற்கரைக்கென்று தனியாக எழுதியதுபோல் சில விலக்குகள் பாலிசியில் இருக்கின்றன.

உப்புக்காற்று முதலில். கோவளம், நெம்மேலி, கடம்பாடி பக்கம் வெளியில் நிற்கும் காரின் அடிப்பாகம் கடலிலிருந்து தள்ளி நிற்பதைவிடச் சீக்கிரம் துருப்பிடிக்கும். துரு என்பது தேய்மானம். ஒரு ரூபாய் வராது. கடற்கரை மணலில் இறக்கி, சிக்கி, எடுக்கப் பார்த்து கிளட்ச் கருகினாலும் அப்படித்தான், அது இயந்திரக் கோளாறு.

கல்பாக்கம் அணுமின் நிலையம் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில். அணுக்கதிர்வீச்சால் வரும் எந்தச் சேதத்துக்கும் பாலிசி பொறுப்பேற்காது. இது நாடு முழுக்க எல்லா பாலிசியிலும் இருக்கும் வாசகம்தான். பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் சதுரங்கப்பட்டினத்தில் உட்கார்ந்து அந்த வரியைப் படித்தால் புன்னகை வரத்தான் செய்யும்.

போட்டி ஓட்டம். இசிஆரில் ஞாயிறு விடியலில் வேகம் பார்க்கிறவர்களுக்கு: பந்தயம், வேகப் பரிசோதனை இரண்டும் பாலிசியில் 'பயன்பாட்டு வரம்பு' என்ற தலைப்பில் விலக்கப்பட்டவை. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதையில் முறைப்படி அனுமதி வாங்கிப் பந்தயம் ஓட்டினாலும் இதே நிலைதான்.

குடி. ரிசார்ட்டிலிருந்து நள்ளிரவில் திரும்புகிறவர்களைக் கேட்டால், 'ஊதச் சொல்லாவிட்டால் நிரூபிக்க முடியாதே' என்பார்கள். அந்தத் தைரியத்தை உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் உடைத்துவிட்டது. 2007-ல் டெல்லி இந்தியா கேட் அருகே ஒரு போர்ஷே கார் மோதி எரிந்த வழக்கு அது. மூச்சுப் பரிசோதனையோ ரத்தப் பரிசோதனையோ இல்லாமலே, சூழ்நிலையையும் மருத்துவக் குறிப்பையும் வைத்து, ஓட்டியவர் போதையில் இருந்தார் என்று கம்பெனி நிறுவலாம் என்று நீதிமன்றம் ஏற்றது. கிளெய்ம் நிராகரிப்பு நின்றது.

எல்லாவற்றிலும் பரவலானது வாடகை ஓட்டம்தான். ஓன் போர்டு காரை, வெள்ளை நம்பர் பிளேட்டோடு, வார இறுதியில் 'காஞ்சிபுரம் - மாமல்லபுரம் - திருக்கழுக்குன்றம்' என்று சுற்றுலாப் பயணிகளுக்கு ஓட்டுவது இங்கே சகஜம். தனியார் கார் பாலிசியில் வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டுவது விலக்கு. விபத்தானால் காரில் இருந்தவர்களின் வாக்குமூலமே கம்பெனிக்குச் சாட்சி. முழுக்க வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2010-ல் அமலேந்து சாகூ வழக்கில், வாடகைக்கு விடப்பட்ட தனியார் காருக்கு முழு நிராகரிப்பு கூடாது, 'நான்-ஸ்டாண்டர்ட்' அடிப்படையில் ஒரு பகுதி தரலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது, அவருக்கு 2.5 லட்சம் கிடைத்தது. ஆனால் அதற்கு அவர் டெல்லி வரை போக வேண்டியிருந்தது. டி போர்டு எடுப்பது அதைவிட மலிவு.

ஆக்டிங் டிரைவரை வைத்துக் குடும்பத்தோடு போவதில் தப்பில்லை. அது வாடகை ஓட்டம் ஆகாது. அவருடைய லைசென்ஸை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். காலாவதியாகியிருந்தால் உங்கள் கிளெய்முக்கு ஆபத்து. மாதச் சம்பளத்துக்கு டிரைவர் வைத்திருப்பவர், அவருக்கான சட்டப் பொறுப்பையும் ஆண்டுக்கு 50 ரூபாய் கூடுதல் பிரீமியத்தில் சேர்த்துக்கொள்ளலாம். ஐம்பது ரூபாய்தான். பலர் சேர்ப்பதில்லை.

பார்க்கிங்கில் போனது

கடற்கரைக் கோயில் பக்கம் காரை நிறுத்திவிட்டுப் போய், திரும்பி வரும்போது கண்ணாடி உடைந்து லேப்டாப் பையைக் காணோம் என்றால், கண்ணாடிக்குப் பணம் உண்டு, பைக்கு இல்லை. காரோடு சேர்ந்தது மட்டுமே பாலிசியில் வரும். தனியாகப் போட்ட மியூசிக் சிஸ்டமும் சிஎன்ஜி கிட்டும்கூடச் சொல்லிச் சேர்த்திருந்தால்தான் கணக்கில் வரும்.

காரே திருட்டுப் போனால் முதலில் போலீஸ். அதே நாளில் எஃப்ஐஆர். கம்பெனிக்குச் சொல்லச் சில நாள் தாமதமானதைக் காட்டி மட்டும் நிராகரிக்கக் கூடாது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது, ஆனால் போலீஸில் உடனே புகார் தந்திருக்க வேண்டும். இரண்டு சாவிகளையும் கேட்பார்கள். ஒன்று தொலைந்திருந்தால், அது தொலைந்த அன்றே எழுதி வைத்திருப்பது நல்லது.

ரிசார்ட்டில் வேலட்டிடம் சாவியைக் கொடுத்த கார் காணாமல் போனால்? சீட்டில் 'உரிமையாளர் பொறுப்பு' என்று அச்சடித்திருந்தாலும் ஹோட்டல் தப்ப முடியாது என்று 2019-ல் தாஜ்மஹால் ஹோட்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது 1998-ல் தொலைந்த ஒரு மாருதி ஜென்னுக்கான வழக்கு. இன்சூரன்ஸ் கம்பெனி உரிமையாளருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு ஹோட்டலிடம் வசூலிக்கப் போனதில் எழுந்தது.

வீட்டு கேட்டை ரிவர்ஸில் இடித்தவருக்கு ஒரு வரி: காருக்குப் பணம் உண்டு, கேட்டுக்கு இல்லை. உங்கள் சொத்துக்கு நீங்களே மூன்றாம் நபர் ஆக முடியாது.

பழைய கார் வாங்கியவர்கள்

தெரிந்தவரிடம் பழைய கார் வாங்கி, ஆர்சி மாற்றி, இன்சூரன்ஸ் இன்னும் எட்டு மாதம் இருக்கிறதே என்று அப்படியே ஓட்டுபவர்கள் நிறைய. தேர்ட் பார்ட்டி பாதி சட்டப்படி தானாகவே புது உரிமையாளருக்கு மாறிவிடும். ஓன் டேமேஜ் மாறாது. 1990-களிலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிப் பெயர் மாற்றாவிட்டால், மரம் விழுந்தாலும் வெள்ளம் வந்தாலும் உங்களுக்கும் அந்தக் கம்பெனிக்கும் ஒப்பந்தமே இல்லை. விற்றவரின் நோ கிளெய்ம் போனஸும் அவரோடு போய்விடும், அது வண்டிக்கு உரியது இல்லை. உங்களுக்கு உரியது இல்லை என்று தெரிந்தே அந்தத் தள்ளுபடியை வாங்கியிருந்தால், கிளெய்ம் சமயத்தில் அதுவே நிராகரிப்புக்குக் காரணமாகும். பெயர் மாற்றத்தைச் செய்துகொடுப்பதாகச் சொல்லும் புரோக்கரிடம், பெயர் மாறிய எண்டார்ஸ்மென்ட் தாளைக் கையில் வாங்காமல் மீதிப் பணத்தைத் தராதீர்கள்.

மறுத்துவிட்டால்

கம்பெனிகள் சொல்வதெல்லாம் சரியென்று இல்லை. மேலே சொன்ன தீர்ப்புகளில் பாதி, கம்பெனி 'முடியாது' என்றபின் யாரோ ஒருவர் விடாமல் போனதால் வந்தவை. வாயால் சொல்லும் மறுப்பை ஏற்காதீர்கள். எந்த நிபந்தனையின் கீழ் மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். சர்வே ரிப்போர்ட்டின் நகலைக் கேளுங்கள். ஆவணம் போதவில்லை என்பதற்காக மட்டும் கிளெய்மை நிராகரிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஜூனில் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அதைச் சுட்டி எழுதுங்கள்.

முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலோ, சென்னை தேனாம்பேட்டையில் இருக்கும் காப்பீட்டு ஆம்பட்ஸ்மன் அலுவலகத்துக்குப் போகலாம். செங்கல்பட்டில் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. அது கொஞ்சம் நீண்ட வழி. ஆம்பட்ஸ்மனிடம் 50 லட்சம் வரையிலான கோரிக்கைகளைக் கொண்டுபோகலாம். கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் புகார் தர வேண்டும். வக்கீல் வேண்டாம், கட்டணமும் கிடையாது.